குழி ஓரத்தில் ஒரு சனிக்கிழமை: இங்கிலாந்தின் ரோமர், ஆங்கிலோ சாக்சன் தொல்லியல் நிகழ்வுகளுக்குப் போக முழு வழிகாட்டி

லண்டனில் தமிழர்கள் நிறைய வாழும் இடங்கள் ஹாரோ, டூட்டிங், ஈஸ்ட் ஹாம். மூன்றும் ஆங்கிலோ சாக்சன் பெயர்கள். ‘ஹாரோ’ என்றால் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களை வழிபட்ட கோயில். 767ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. டூட்டிங் என்பது டோட்டா என்பவரின் ஆட்கள் குடியேறிய இடம். ‘ஹாம்’ என்பது இங்கே தண்ணீர் சூழ்ந்த நிலம். தினமும் அஞ்சல் முகவரியில் எழுதுகிற பெயர்களுக்கு அடியில் ஆயிரத்து முந்நூறு வருடக் கதை கிடக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து, கோடை வந்தால் நான் வீட்டில் இருப்பதில்லை. உள்ளூர்த் தொல்லியல் நாள் எங்கே நடக்கிறது என்று தேடிக் கிளம்பிவிடுவேன்.

கீழடிக் குழியைப் பார்க்க வரிசையில் நின்ற நம்மவர்கள் பலர், இங்கே பத்து மைல் தொலைவில் நடக்கும் அகழாய்வைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெரிய அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொருளை, சின்ன ஊர் நிகழ்வில் உங்கள் உள்ளங்கையில் வைப்பார்கள். இரண்டும் ஒன்றல்ல.

முதல் படி: கால வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்

இரண்டே காலகட்டம் தெரிந்தால் போதும். கி.பி. 43இல் ரோமப் படை வந்து இறங்கியது. சுமார் 410இல் ரோம ஆட்சி விலகியது. அதன்பின் இன்றைய டென்மார்க், வடக்கு ஜெர்மனிப் பக்கமிருந்து ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்டுகள் கடல் கடந்து வந்து குடியேறினார்கள். அவர்கள் வழிவந்த அரசுகள் 1066இல் வடக்கு பிரான்சிலிருந்து நார்மன்கள் வரும்வரை நீடித்தன.

ஊர்ப் பெயரே பாதி சொல்லிவிடும். ‘செஸ்டர்’, ‘காஸ்டர்’ என்று முடிந்தால் அங்கே ரோமர் கோட்டையோ மதில் சூழ்ந்த நகரமோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம். கோல்செஸ்டர், சில்செஸ்டர், டான்காஸ்டர் எல்லாம் அந்த வகை. ‘டன்’, ‘ஹாம்’, ‘இங்’ என்று முடிந்தால் பெரும்பாலும் ஆங்கிலோ சாக்சன் குடியிருப்பு. உங்கள் வீட்டைச் சுற்றி இருபது மைலுக்குள் இருக்கும் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்தப் பக்கம் போகலாம் என்று தானாகவே தெரியும்.

இரண்டாம் படி: எப்போது, எங்கே தேடுவது

இரண்டு மாதங்களை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஜூலையில் பிரிட்டிஷ் தொல்லியல் கவுன்சில் நாடு முழுக்கத் தொல்லியல் திருவிழா நடத்துகிறது. அதன் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் அருகில் நடப்பவை வந்துவிடும். செப்டம்பரில் ‘ஹெரிட்டேஜ் ஓப்பன் டேஸ்’ என்ற பெயரில், வழக்கமாகப் பூட்டியே கிடக்கும் பழைய இடங்களை இலவசமாகத் திறந்துவிடுவார்கள். அதில் ரோமர் குளியலறை, சாக்சன் தேவாலயம் போன்றவையும் வரும்.

இந்த இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். நல்ல நிகழ்வுகள் பல, உள்ளூர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையிலும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) தொல்லியல் சங்கத்தின் மின்னஞ்சலிலும்தான் வரும். இங்கே பெரும்பாலான கவுண்டிகளில் அப்படி ஒரு சங்கம் இருக்கும். ஆண்டுச் சந்தா குறைவுதான். சேர்ந்துவிட்டால் அகழாய்வு நடக்கும் வயலுக்கே கூப்பிடுவார்கள். 8 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் இருந்தால் இளம் தொல்லியலாளர் கழகத்தின் கிளை அருகில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: எந்த வகை நிகழ்வு என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ‘தொல்லியல் நாள்’ என்றே அழைப்பார்கள். உள்ளே இருப்பது வேறு வேறு. அகழாய்வுத் திறந்த நாள் என்றால் நிஜக் குழியைச் சுற்றிக் காட்டுவார்கள். கண்டெடுத்தவை நாள் என்றால், தோட்டத்தில் கிடைத்த பொருளை மக்கள் கொண்டுவந்து நிபுணரிடம் காட்டுவார்கள். மூன்றாவது, ரோமப் படைவீரராகவும் சாக்சன் நெசவாளராகவும் உடை தரித்தவர்கள் கூடாரம் போட்டிருக்கும் வார இறுதி.

சின்னப் பிள்ளைகளோடு போனால் மூன்றாவது வகையில் தொடங்குங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் நேராகக் குழிக்குப் போங்கள். சொற்பொழிவு மட்டும் உள்ள நிகழ்வை முதல் தடவைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தொட்டுப் பார்க்காமல் கேட்டால் அது வரலாற்று வகுப்பாகவே போய்விடும்.

முதல் பயணத்துக்கு ஒரே ஓர் இடம் சொல்லச் சொன்னால், செயின்ட் ஆல்பன்ஸ். லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து விரைவு ரயிலில் இருபது நிமிடம். ரோமர் காலத்தில் வெருலேமியம் என்ற பெரிய நகரம் இது. பேராலயத்தின் கோபுரம் 11ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் கட்டியது. ஆனால் அதன் செங்கல், பாழடைந்த ரோம நகரத்திலிருந்து பெயர்த்து வந்தது. அங்கிருந்து பூங்கா வழியாக இறங்கினால், தரைக்கு அடியில் சூடான காற்றை ஓடவிட்டு வீட்டைக் கதகதப்பாக்கிய ரோமர் அமைப்பையும் அதன் மேலிருந்த மொசைக் தரையையும் இலவசமாகப் பார்க்கலாம். வெருலேமியம் அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே செயின்ட் மைக்கேல் தேவாலயம். ரோம நகரத்தின் நடு மன்றம் இருந்த இடத்தின் மேல், ரோமச் செங்கல்லையே எடுத்துச் சாக்சன்கள் எழுப்பிய சுவர் அதில் இன்றும் நிற்கிறது. ரோமர், சாக்சன், நார்மன் மூவரையும் ஒரே நாளில் கால்நடையாகப் பார்த்துவிடலாம்.

இந்த ஊரை நமக்கு நெருக்கமாக்குகிற இன்னொரு செய்தி. 1930களின் தொடக்கத்தில் வெருலேமியத்தைத் தோண்டியவர்கள் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸா வீலரும். அதே மார்ட்டிமர் வீலர் பின்னால் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்து, 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டினார். அங்கே கிடைத்த ரோமர் மதுச்சாடித் துண்டுகளையும் இத்தாலியச் செந்நிறப் பாண்டங்களையும் அவரால் அடையாளம் காண முடிந்ததென்றால், அது இந்த மாதிரி ஊர்களின் மண்ணில் பழகிய கண்.

நான்காம் படி: கிளம்புவதற்கு முன்

இலவச நிகழ்வாக இருந்தாலும் முன்பதிவு கேட்பார்கள். செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துப் பேருந்தை நம்பிப் போகாதீர்கள். ஒருமுறை மூன்று மைல் திரும்பி நடந்திருக்கிறேன். வயலில் கடை இருக்காது. புளியோதரையோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு போங்கள். மழைச் சட்டை ஜூலையிலும் வேண்டும். மண் ஒட்டினால் பரவாயில்லை என்கிற பழைய பூட்ஸ் நல்லது. தோண்டப் போகிறீர்கள் என்றால் டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். ஏன் என்று ஆறாம் படியில் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: குழி ஓரத்தில் எப்படிப் பார்ப்பது

முதல் முறை போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். தங்கமும் சிலையும் இருக்காது. மண் இருக்கும். அதில் நிற மாற்றம் இருக்கும். அந்த நிற மாற்றத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் அப்புறம் கண் அதை விட்டு நகராது.

மஞ்சள் மணலில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறதா? அது வீட்டுக் கம்பம் நட்ட குழி. மரம் மக்கிப் போய்விட்டது, அது நின்ற இடத்தில் வேறு மண் நிரம்பிவிட்டது. அப்படி வட்டங்கள் நேர்க்கோட்டில் வரிசையாக வந்தால் அங்கே ஒரு சுவர் நின்றது. மண் காய்ந்தால் நிறம் மங்கிவிடும். அதனால்தான் தண்ணீர்த் தெளிப்பானைக் கையில் வைத்திருப்பார்கள். யாராவது தெளித்தால் உடனே குனிந்து பாருங்கள். சில நொடிக்கு வட்டம் மை தடவியது போலத் துலங்கும்.

ரோமர் கட்டடம் கல்லாலும் செங்கல்லாலும் ஆனது, அதனால் அடித்தளம் கண்ணுக்குத் தெரியும். சாக்சன் வீடு மரமும் கூரைப்புல்லும். மிஞ்சுவது கறைதான். 1939இல் சஃபோக் கவுண்டியின் சட்டன் ஹூவில் பேசில் பிரவுன் கண்டுபிடித்த, விலையுயர்ந்த பொருட்களோடு மண்ணில் புதைத்த புகழ்பெற்ற சாக்சன் அடக்கக் கப்பல்கூட, கப்பலாகக் கிடைக்கவில்லை. மரம் முழுக்க அழிந்து, கப்பல் என்று மிஞ்சியவை மணலில் அதன் அச்சும் வரிசை வரிசையாக இரும்பு ஆணிகளும் மட்டும்தான். பள்ளிப் படிப்பைச் சீக்கிரமே விட்டுத் தானாகக் கற்ற மனிதர் அவர். முதல் ஆணியைக் கண்டதும் நிதானித்து, ஆணிகளை இடம் பெயர்க்காமல் மண்ணை மட்டும் எடுத்ததால் 27 மீட்டர் நீளக் கப்பலின் வடிவம் இன்று நமக்குத் தெரிகிறது. அந்த நிதானத்தைத்தான் ஒவ்வொரு உள்ளூர்க் குழியிலும் பார்க்கிறீர்கள்.

சில ஒழுங்குகள் உண்டு. குழியின் விளிம்பில் நிற்காதீர்கள், சரிந்தால் மண்ணடுக்கு கெட்டுவிடும். தோண்டிப் போட்ட மண்மேட்டிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். எலும்புக்கூடு இருக்கும் குழி என்றால் படமெடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். குனிந்து வேலை செய்துகொண்டிருப்பவரிடம் பேசத் தயங்க வேண்டாம். “என்ன கிடைத்தது?” என்று எல்லோரும் கேட்பார்கள். நீங்கள் “இந்தக் குழியில் இன்னும் புரியாதது எது?” என்று கேட்டுப் பாருங்கள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆறாம் படி: ஓடு வைத்த மேசையை விட்டு நகராதீர்கள்

எந்த நிகழ்விலும் ஒரு மேசையில் தட்டுத் தட்டாகப் பானை ஓடுகளும் கூரை ஓடுகளும் இருக்கும். கூட்டம் வாள் சண்டையைப் பார்க்கப் போயிருக்கும். நீங்கள் இங்கேயே நில்லுங்கள்.

போன கோடையில் சிவகங்கைப் பக்கமிருந்து அம்மா வந்திருந்தார். ஆங்கிலம் தெரியாது, எதற்கு இந்த வயலுக்குக் கூட்டி வந்தான் என்ற முகத்தோடு நின்றார். மேசையில் அரைவட்டமாக வளைந்த ஒரு ரோமர் ஓடு. எடுத்துத் திருப்பிப் பார்த்தவர், “ஏப்பா, இது நம்ம பழைய வீட்டு நாட்டோடுல்ல?” என்றார். மேசைக்குப் பின்னால் இருந்த தன்னார்வலரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். ஊரில் அதை எப்படி வேய்வீர்கள் என்று அவர் கேட்டார். அம்மா இரண்டு உள்ளங்கையையும் வளைத்து, ஒன்றை மல்லாத்தி, ஒன்றைக் கவிழ்த்து அதன் ஓரத்தில் பொருத்திக் காட்டினார். ரோமர்கள் கீழே தட்டை ஓட்டை அடுக்கி, இரண்டு ஓடு சேரும் இடுக்கின் மேல் மட்டும் இந்த வளைந்த ஓட்டைக் கவிழ்த்தார்கள் என்று அவர் இரண்டு துண்டை வைத்துக் காட்டினார். பிறகு கீழ்த் தட்டிலிருந்து ஒரு தட்டை ஓட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். அதில் ஒரு நாயின் காலடி நன்றாகப் பதிந்திருந்தது. சுடுவதற்கு முன் வெயிலில் காயப் போட்ட ஓட்டின் மேல் அது நடந்து போயிருக்கிறது. “நம்ம சூளையிலயும் இப்படித்தான், விரட்டிக்கிட்டே இருக்கணும்” என்று அம்மா சொன்னதை நான் அந்தத் தன்னார்வலருக்குச் சொன்னபோது, அவர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இந்த மேசையில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு ரோமர் பானை ஓட்டையும் ஓர் ஆரம்பகாலச் சாக்சன் ஓட்டையும் கேட்டு வாங்கி, இரண்டு கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். ரோமர் ஓடு மெல்லியதாக, கெட்டியாக இருக்கும். உட்புறத்தில் விரலை ஓட்டினால் சக்கரத்தில் சுற்றிய வரிகள் தட்டுப்படும். சிவப்பாக மெழுகிட்டது போல் பளபளத்தால் அது சேமியன், பிரான்சுப் பக்கமிருந்து கப்பலில் வந்த மேசைப் பாண்டம். சாக்சன் ஓடு கறுத்து, தடித்து, கொஞ்சம் பொருபொருவென்று இருக்கும். கையால் பிடித்து வனைந்தது. மண்ணில் கலந்த வைக்கோலும் புல்லும் சூட்டில் எரிந்துபோன சின்னத் துளைகளைச் சிலவற்றில் பார்க்கலாம்.

இடையில் நடந்தது என்ன? ரோமப் படைக்கும் நகரங்களுக்கும் விற்றுப் பிழைத்த பெரிய பானைத் தொழில், ரோம ஆட்சி போனதும் ஒன்றிரண்டு தலைமுறைக்குள் சரிந்தது. வாங்க ஆளில்லை, காசு புழங்கவில்லை, சக்கரமும் நின்றது. 8ஆம் நூற்றாண்டில் இப்ஸ்விச் நகரில் மெதுவாகச் சுற்றும் சக்கரத்தோடுதான் பெரிய அளவில் பாண்டம் செய்வது மீண்டும் தொடங்கியது. ஒரு பேரரசு போவது என்றால் என்ன என்று இந்த இரண்டு துண்டும் சொல்வதுபோல் எதுவும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் சாக்சன்கள் கைத்திறன் இல்லாதவர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அதே மேசையில் தக்களியும், நெசவுத் தறியில் நூலை இழுத்துப் பிடிக்கத் தொங்கவிட்ட வளையம் போன்ற சுட்ட மண் எடைகளும் இருக்கும். அவர்கள் நகைவேலையைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஏழாம் படி: உடை தரித்தவர்களின் கூடாரம்

எர்மின் ஸ்ட்ரீட் கார்ட் குழு ரோமப் படையையும் ரெஜியா ஆங்லோரம் குழு சாக்சன், வைக்கிங் வாழ்க்கையையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து நடித்துக் காட்டுகிறவை. சண்டைக் காட்சி முடிந்ததும் கூடாரத்துக்குள் போங்கள். கவசத்தைத் தூக்கிப் பார்க்கலாம், தக்களியில் நூல் திரிக்கலாம், கம்பு அரைக்கிற மாதிரி திருகையில் தானியம் அரைக்கலாம்.

நிலையான இடம் வேண்டுமென்றால் சஃபோக்கிலுள்ள வெஸ்ட் ஸ்டோ. 5ஆம் நூற்றாண்டிலிருந்து 7ஆம் நூற்றாண்டு வரை மக்கள் வாழ்ந்த கிராமத்தைத் தோண்டிவிட்டு, அதே இடத்தில் வீடுகளை மறுபடி கட்டியிருக்கிறார்கள். தோண்டியபோது கிடைத்த பள்ளங்கள் வீட்டின் தரையா, அல்லது மேலே பலகை பரப்பி அடியில் விட்ட வெற்றிடமா என்பது பெரிய வாதம். கட்டிப் பார்த்து, குடியிருப்பது போல் புழங்கிப் பார்த்து விடை தேடுகிறார்கள். ஹாம்ஷயரின் பட்சர் பண்ணையிலும் இதே முறையில் ரோமர் மாளிகையையும் சாக்சன் வீட்டையும் காணலாம்.

எட்டாம் படி: நீங்களே தோண்டுவது

எளிய வழி, ஊர் மக்கள் சேர்ந்து செய்யும் சோதனைக் குழி. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம், பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுத் தோட்டத்தில். புல்தரையைப் பாளம் பாளமாக எடுத்து ஓரமாக வைக்கிறோம். பிறகு பத்துப் பத்து சென்டிமீட்டராகக் கீழே போகிறோம். ஒவ்வொரு அடுக்கின் மண்ணையும் சல்லடையில் போட்டுச் சலித்து, கிடைத்ததைத் தனித் தட்டில் வைக்கிறோம். தட்டு மாறிவிட்டால் அத்தனையும் வீண், எந்த ஆழத்தில் கிடைத்தது என்பதுதான் தகவல்.

முதல் அடுக்கில் நீலப் பூப்போட்ட பீங்கானும் புகைக்குழாய்த் தண்டும் வரும். கீழே போகப் போகப் பழையது. சாக்சன் ஓடு மண்கட்டி போலவே இருப்பதால் கைதவறும், சந்தேகம் வந்தால் எறியாமல் காட்டுங்கள். மதியத்துக்கு மேல் பல் துலக்கும் பிரஷ்ஷால் ஓடு கழுவும் வேலை. அதை மறுக்காதீர்கள். கழுவும்போதுதான் விரல் பதிவும் கோலமும் வெளிவரும்.

அடுத்த கட்டம், வட இங்கிலாந்தில் ரோமர்கள் எல்லையாகக் கட்டிய ஹேட்ரியன் சுவருக்குத் தெற்கே உள்ள விண்டோலாண்டா என்ற ரோமர் கோட்டை. அங்கே ஒவ்வொரு பருவமும் கட்டணம் கட்டித் தன்னார்வலராகத் தோண்டலாம். இடங்கள் திறந்த உடனே நிரம்பிவிடும், முந்தைய இலையுதிர் காலத்திலிருந்தே அறிவிப்பைக் கவனியுங்கள். 1973இல் ராபின் பர்லி அங்கே மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். காற்றுப் புகாத ஈர மண் அவற்றைக் காத்திருக்கிறது. ஒரு கணக்குத் தகட்டில், படைவீரன் ஒருவன் இரண்டு தினாரிக்கு (ரோமர் வெள்ளிக் காசு) மிளகு வாங்கியதாக எழுதியிருக்கிறது. பனி பெய்யும் அந்த எல்லைக் கோட்டையில் அவன் வாங்கிய மிளகு விளைந்தது இந்தியாவின் மேற்குக் கடற்கரைப் பக்கம், சேர நாட்டு மலைகளில். சாக்சன் காலத்திலும் அந்த மிளகு வந்துகொண்டே இருந்தது. 735இல் ஜாரோ மடத்தில் இறக்கும் தறுவாயில் இருந்த துறவி பீட், தன் சிறு பெட்டியைத் திறந்து தன்னிடமிருந்த மிளகைச் சக துறவிகளுக்குப் பகிர்ந்து கொடுத்தார் என்று அவர் மாணவர் எழுதி வைத்திருக்கிறார்.

ஒன்பதாம் படி: ஏதாவது கிடைத்துவிட்டால்

தோட்டத்திலோ நடைப்பயணத்திலோ பழைய பொருள் கிடைத்தால், கழுவித் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, உங்கள் கவுண்டியின் கண்டெடுப்பு அலுவலரிடம் காட்டுங்கள். 1997 முதல் நடக்கும் பதிவுத் திட்டம் இது, பொருளைப் பார்த்துப் பதிந்துவிட்டு உங்களிடமே திருப்பித் தருவார்கள். பொன், வெள்ளிப் பொருள் முந்நூறு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் சட்டப்படி அது ‘புதையல்’ ஆகலாம். 14 நாளுக்குள் கொரோனர் என்ற விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் அதன் மதிப்புத் தொகை கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் கிடைக்க வழியிருக்கிறது. மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேட நிலத்துக்காரர் அனுமதி கட்டாயம். பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் தனி உரிமம் இல்லாமல் கூடாது. தேம்ஸ் கரைச் சேற்றில் தேடவும் லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

சரியாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு எரிக் லாஸின் கதை போதும். 1992இல் சஃபோக்கின் ஹாக்ஸ்ன் கிராமத்தில், விவசாய நண்பர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போனார். டிடெக்டர் ஒலித்த இடத்தில் ரோமர் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் வந்தன. முழுக்கத் தோண்டி அள்ளாமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து தோண்டியதால், பெட்டிக்குள் எது எதன் மேல் அடுக்கியிருந்தது என்பதுவரை பதிவாயிற்று. ஏறத்தாழ 15,000 காசுகள். சுத்தியலும் கிடைத்தது.

பத்தாம் படி: கடைசியாக பிரிட்டிஷ் மியூசியம்

உள்ளூர் நிகழ்வுகள் இரண்டு மூன்று போய்வந்த பிறகு இங்கே வாருங்கள், முதலில் வேண்டாம். கை பழகிய பிறகு கண்ணாடிப் பெட்டி வேறு மாதிரி தெரியும். 41ஆம் அறையில் சட்டன் ஹூ கப்பலோடு புதைத்த அசல் பொருட்கள், தோண்டிய இடத்தில் இருப்பவை பெரும்பாலும் நகல்கள்தான். தோள் கொக்கியில் பதித்த சிவப்புக் கார்னெட் கற்களுக்கு மிக அருகில் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் நுணுக்கமான கட்டம் போட்ட தங்கத் தகடு இருக்கிறது, வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வருவதால்தான் கல் கனல்போல் தெரிகிறது. அந்தக் காலத்து நகைகளில் உள்ள கார்னெட்டுகளில் ஒரு பகுதி இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று கல்லின் வேதியியல் ஆய்வுகள் காட்டுகின்றன.

பிறகு 49ஆம் அறைக்குப் போங்கள். ஹாக்ஸ்ன் புதையலில் வந்த வெள்ளி மிளகுச் சிமிழ்கள் அங்கே இருக்கின்றன. அவற்றில் ஒன்று, கையில் சுருளேடு பிடித்த ஒரு பெண்ணின் மார்பளவு உருவம். அதன் அடித்தட்டைத் திருகலாம். ஒரு திருப்பில் மூடிக்கொள்ளும், ஒரு திருப்பில் மிளகு போட வழி திறக்கும், இன்னொரு திருப்பில் சின்னத் துளைகள் வழியாகத் தூள் விழும்.